இரண்டு துப்பாக்கிகளும் ஒரு சிறைச்சாலையும்



ஐந்தாம் ஆண்டு வரலாற்றுப் பாடத்தில் அவசரகாலத்தைப் பற்றிய பகுதியை நடத்திக்கொண்டிருந்தேன். சுங்கை சிப்புட்டில் தோட்டத் துரைமார் கொல்லப்பட்டது, 1948 ஜூன் மாதம் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது, புதுக்கிராமங்கள், அடையாள அட்டை என்று பாடம் வழக்கம்போல் நகர்ந்தது. அப்போது பின்வரிசையில் இருந்த ஒரு மாணவன் எழுந்து, "டீச்சர், எங்க தாத்தா பேரு கணபதி. தூக்குல போட்ட ஒருத்தரோட பேராம். அவரு யாரு?" என்று கேட்டான்.

வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. பதிலும் சொல்லவில்லை. "நாளைக்குச் சொல்கிறேன்" என்று கூறிப் பாடத்தைத் தொடர்ந்தேன். ஆசிரியர் அறையில் இதைச் சொன்னபோது, "எதற்கு வம்பு? பாடநூலில் இருப்பதை மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள்" என்றார் சக ஆசிரியர் ஒருவர். அவர் தீய எண்ணத்தோடு சொல்லவில்லை. ஆயினும் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நானும் தோட்டத்துப் பிள்ளைதான். "எதற்கு வம்பு" என்ற சொல்லை என் வீட்டிலும் ஆயிரம் முறை கேட்டிருக்கிறேன்.

அந்த வார இறுதியில் ஜாசின் பக்கம் சென்று மாணவனின் தாத்தாவைப் பார்த்தேன். 1949-ஆம் ஆண்டு லயத்தில் பிறந்தவர். பால்மரம் வெட்டியே வாழ்நாளைக் கழித்தவர். "எங்கப்பா எனக்கு இந்தப் பேர வச்சப்ப, கிராணி கூப்பிட்டு, 'யாரு பேருடா இது?'ன்னு கேட்டாராம். எங்கப்பா கையைக் கட்டிக்கிட்டு, 'பிள்ளையார் பேருங்க ஐயா'ன்னாராம். அதுக்கு மேல அவரும் கேக்கல, இவரும் சொல்லல" என்றார். பிள்ளையாரின் பெயருக்குப் பின்னால் ஒரு மனிதனின் பெயரை ஒளித்து வைத்து, எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஒரு குடும்பம் காத்து வந்திருக்கிறது.

அந்த மாணவனுக்கு நான் சொன்ன பதிலை விரித்து எழுதியதே இக்கட்டுரை. இதில் ஒரு வழக்கை மட்டும் சொன்னால் போதாது. ஒரே சிறைச்சாலையில் அடைக்கப்பட்ட இருவரின் வழக்குகளை அருகருகே வைத்துப் பார்த்தால்தான் சொல்ல வேண்டியது விளங்கும்.

முதல் துப்பாக்கி: 1911

கோலாலம்பூரில் புடு சிறைச்சாலை என்று ஒன்று இருந்தது. 1895-இல் திறக்கப்பட்டது. இன்று அது இல்லை. 2010 முதல் இடிக்கப்பட்டு, அந்த நிலத்தில் இப்போது லாலாபோர்ட் என்னும் பேரங்காடி நிற்கிறது. பள்ளி விடுமுறையில் நம் பிள்ளைகளை அங்கே அழைத்துச் சென்றவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். சிறையின் பழைய நுழைவாயில் மட்டும் நினைவுக்காக விட்டுவைக்கப்பட்டிருக்கிறது.

1911-ஆம் ஆண்டு அந்த வாயிலுக்குள் ஓர் ஆங்கிலேயப் பெண்மணி கொண்டுசெல்லப்பட்டார். பெயர் எத்தல் பிரவுட்லாக். அவருடைய கணவர் கோலாலம்பூரின் புகழ்பெற்ற விக்டோரியா கல்விக்கூடத்தில் தற்காலிகத் தலைமையாசிரியராக இருந்தவர். அவ்வாண்டு ஏப்ரல் 23-ஆம் நாள் இரவு, கணவர் வெளியே விருந்துக்குச் சென்றிருந்த நேரத்தில், வீட்டிற்கு வந்த வில்லியம் ஸ்டூவர்ட் என்னும் ஈயச்சுரங்க மேலாளரை அப்பெண்மணி கைத்துப்பாக்கியால் சுட்டார். ஒன்றல்ல, ஆறு குண்டுகள். தம் கற்பைக் காத்துக்கொள்ளவே சுட்டதாக அவர் கூறினார்.

இவ்விடத்தில் அக்காலத்து நீதிமன்ற முறையைச் சற்றே விளக்க வேண்டும். நம் மலாக்காவும் பினாங்கும் சிங்கப்பூரும் நீரிணைக் குடியேற்றங்களாக நேரடி ஆங்கில ஆட்சியில் இருந்தவை. இங்கே பெருங்குற்ற வழக்குகளைப் பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்படும் ஜூரிகள் கேட்டு முடிவு சொல்லும் ஆங்கில மரபு வேரூன்றியிருந்தது. சிலாங்கூர், பேராக் போன்ற கூட்டு மலாய் மாநிலங்களிலோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஜூரி முறை கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாக நீதிபதியோடு 'அசெசர்' எனப்படும் துணையாளர் இருவர் அமர்ந்தனர். வழக்கைக் கேட்டு அவர்கள் கருத்துச் சொல்லலாம். ஆனால் ஜூரியின் முடிவைப் போல் அது நீதிபதியைக் கட்டுப்படுத்தாது.

அவ்வாறே ஒரு நீதிபதியும் இரு அசெசர்களும் 1911 ஜூன் மாதத்தில் பிரவுட்லாக் வழக்கைக் கேட்டனர். குற்றவாளி என்று முடிவாயிற்று. தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது.

மலாயாவின் வெள்ளையர் சமூகம் கொதித்தெழுந்தது. தங்கள் இனத்துப் பெண்ணொருத்தியைத் தூக்கிலிடுவதா என்று நாளிதழ்களில் கடிதங்கள் குவிந்தன. கருணை மனுக்கள் எழுதப்பட்டன, கையெழுத்துகள் திரட்டப்பட்டன. ஜூரி முறை மீண்டும் வேண்டும் என்ற கோரிக்கையும் அப்போது எழுந்தது. உள்ளூர்க் குடிமக்கள் ஆண்டாண்டாக அதே அசெசர் முறையில்தான் விசாரிக்கப்பட்டு வந்தார்கள் என்பதை இங்கே நினைவில் கொள்ளுங்கள். முறையின் குறை, தம்மவர் ஒருவர் கூண்டில் நின்றபோதுதான் பலருடைய கண்ணுக்குத் தெரிந்தது.

1911 ஜூலையில் சிலாங்கூர் சுல்தானின் மன்னிப்பு வந்தது. எத்தல் பிரவுட்லாக் புடு சிறையிலிருந்து வெளியே நடந்து வந்தார், கப்பலேறி இங்கிலாந்து சென்றார். சுட்ட நாள் தொடங்கி விடுதலை வரை மூன்று மாதங்கள்கூட ஆகவில்லை. பிற்காலத்தில் சாமர்செட் மாம் என்னும் எழுத்தாளர் இந்நிகழ்ச்சியைத் தழுவி 'கடிதம்' என்ற கதையை எழுதினார். அது நாடகமாகவும் திரைப்படமாகவும் உலகெங்கும் சென்றது.

இடையில் நம் மக்கள்

இனி இரண்டாம் துப்பாக்கிக்கு வருமுன், அக்காலத்துத் தோட்டத் தமிழரின் நிலையைச் சொல்லியாக வேண்டும். இல்லாவிடில் ஒரு தொழிற்சங்கத் தலைவருக்கு ஏன் அத்தனை செல்வாக்கு இருந்தது என்பது நம் பிள்ளைகளுக்குப் புரியாது.

மலாயாவில் ரப்பரை வணிகப் பயிராக முதன்முதலில் நட்டுக் காட்டிய மண் நம் மலாக்கா. 1896-இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் தொடங்கியது, பின்னர் புக்கிட் ஆசஹானில் பெருந்தோட்டமாக விரிந்தது. ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் தோட்டங்கள் பெருகின. அவற்றில் உழைக்கத் தென்னிந்தியாவிலிருந்து நம் முன்னோர் கொண்டுவரப்பட்டனர்.

கூலி இனத்திற்கு ஒன்றாக இருந்தது. இந்தியத் தொழிலாளிக்குக் கிடைத்தது சீனத் தொழிலாளிக்குக் கிடைத்ததை விடக் குறைவு. ஆணுக்குக் கிடைத்தது பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளைப் படித்துப் பாருங்கள். சீனருக்கு இணையான சம்பளம், தோட்டத்தில் கள்ளுக்கடை கூடாது, பிள்ளைகளுக்குக் கல்வி என்று போகும் அவற்றினிடையே இன்னொன்றும் இருக்கிறது. துரையோ கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை நீக்க வேண்டும் என்பதே அது.

இந்த ஒரு கோரிக்கையைச் சொன்னதும் என் வகுப்பில் அமைதி நிலவியது. "சைக்கிள்ல போனா என்ன டீச்சர் தப்பு?" என்று ஒரு சிறுமி கேட்டாள். சம்பள வேறுபாட்டைக் கணக்கில் எழுதிக் காட்டுவதை விட, இந்தக் கேள்வி இனப்பாகுபாட்டைத் தெளிவாக விளக்கிவிட்டது. அந்த வேலைநிறுத்தத்தை அரசு படையை ஏவி அடக்கியது. தொழிலாளர்கள் சுடப்பட்டு இறந்தனர். தலைவர் ஆர்.எச். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

பிறகு ஜப்பானியர் காலம், சயாம் மரண ரயில்வே, நேதாஜியின் இந்திய தேசிய இராணுவம். போர் முடிந்து ஆங்கிலேயர் திரும்பி வந்தபோது, தோட்டத் தமிழன் பழைய கூலியாக இல்லை. துப்பாக்கி ஏந்தி நின்றவனைச் சைக்கிளிலிருந்து இறங்கச் சொல்ல முடியுமா?

இரண்டாம் துப்பாக்கி: 1949

எஸ்.ஏ. கணபதி தமிழ்நாட்டின் தஞ்சை மாவட்டத்திலிருந்து இளம் வயதில் மலாயாவுக்கு வந்தவர். இந்திய தேசிய இராணுவத்தில் பணியாற்றியவர். போருக்குப் பின் தொழிற்சங்க இயக்கத்தில் இறங்கி, அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவரானார். 1947-இல் அந்தச் சம்மேளனம் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்டதாகக் கூறியது. சீனர், இந்தியர், மலாய்க்காரர் என மூவினத் தொழிலாளரும் ஒரே குடையின்கீழ் நின்ற அந்த அமைப்புக்கு ஒரு தமிழர் தலைவர்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அச்சம்மேளனத்தில் மலாயா கம்யூனிஸ்டுக் கட்சியின் செல்வாக்கு வலுவாக இருந்தது. அக்கட்சி பின்னர் ஆயுதம் ஏந்தியபோது துரைமாரை மட்டும் கொல்லவில்லை. கங்காணிகளும் சாதாரணத் தொழிலாளர்களும் அவர்களால் கொல்லப்பட்டனர். நம் தோட்டங்களில் இரு பக்கத்து அச்சத்தையும் அனுபவித்தவர்கள் நம் பாட்டன் பாட்டிகள். இதைச் சொல்லாமல் கணபதியின் கதையை மட்டும் சொன்னால் அது வரலாறு ஆகாது.

1948 ஜூன் மாதத்தில் தொழிற்சங்கச் சட்டம் திருத்தப்பட்டது. சங்கப் பொறுப்பாளர்கள் அந்தத் தொழிலில் குறைந்தது மூன்றாண்டு அனுபவம் உள்ளவர்களாக இருக்க வேண்டும், வெவ்வேறு தொழிற்சங்கங்கள் ஒரே சம்மேளனமாகச் சேரக் கூடாது என்பன போன்ற விதிகள் வந்தன. கணபதி தலைமையேற்ற சம்மேளனத்தின் பதிவு பறிபோயிற்று. சில நாள்களில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அவசரகால விதிகளின்படி, உரிமமின்றித் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பவனுக்கு மரண தண்டனை. அதனால் யாரையும் சுட்டிருக்க வேண்டியதில்லை. வைத்திருந்தாலே போதும். சட்டப்படி வைத்திருந்ததற்கான காரணத்தை மெய்ப்பிக்கும் சுமையும் கைதானவன்மீதே விழுந்தது.

1949 மார்ச் 1-ஆம் நாள் சிலாங்கூரில் ரவாங்கை அடுத்த வாட்டர்பால் தோட்டத்தில் கணபதி கைது செய்யப்பட்டார். அவரிடம் ஒரு கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் இருந்தன. கண்டெடுத்த அத்துப்பாக்கியைக் காவல் துறையிடம் ஒப்படைக்கவே எடுத்துச் சென்றதாக அவர் கூறினார். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மார்ச் 15-ஆம் நாள் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. கைதாகி இரண்டு வாரங்கள்தான் ஆகியிருந்தன.

பிரவுட்லாக்கின் துப்பாக்கியிலிருந்து ஆறு குண்டுகள் பாய்ந்து ஓர் உயிர் போயிற்று. கணபதியின் ஆறு தோட்டாக்களால் எவரையும் சுட்டதாக அவர்மீது வழக்கு இல்லை.

யாருடைய குரல் கேட்டது?

1911-இல் ஒரு சிறிய வெள்ளையர் சமூகத்தின் கையெழுத்துகள் போதுமாயிருந்தன. 1949-இல் ஓர் அரசே கருணை கேட்டது. விடுதலை பெற்று இரண்டாண்டுகூட நிறையாத இந்தியா, மலாயாவிலிருந்த தன் பிரதிநிதி ஜான் திவி வழியாகவும் லண்டனிலிருந்த தூதர் வி.கே. கிருஷ்ண மேனன் வழியாகவும் கணபதியின் உயிருக்காகப் பேசியது. ஜான் திவியை நம் மக்கள் மறந்திருக்கலாம். மலாயா இந்தியர் காங்கிரஸின் முதல் தலைவர் அவர்தான். உலகத் தொழிற்சங்க அமைப்பும் எதிர்ப்புத் தெரிவித்தது.

அந்த நாள்களில் பிரதமர் நேரு லண்டனில்தான் இருந்தார். 1949 ஏப்ரல் இறுதியில் அங்கே நடந்த காமன்வெல்த் பிரதமர்கள் மாநாட்டில், குடியரசாகும் இந்தியா காமன்வெல்த்தில் தொடர்ந்து இருக்கலாம் என்ற உடன்பாடு ஏற்பட்டது. சமத்துவமுள்ள நாடுகளின் குடும்பம் என்று அதைப் புகழ்ந்தார்கள். மாநாடு முடிந்து ஒரு வாரத்தில், மே 4-ஆம் நாள், புடு சிறையில் கணபதி தூக்கிலிடப்பட்டார். அதற்கு முதல் நாள்தான் அவருடைய தோழரும் தொழிற்சங்கத் தலைவருமான வீரசேனன் நெகிரி செம்பிலானில் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்.

கைது செய்யப்பட்ட நாளிலிருந்து தூக்குக் கயிறு வரை இரண்டு மாதமும் சில நாள்களும். இந்தியாவில் கண்டனம் எழுந்தது. தமிழ்நாட்டில் மேடைகளிலும் ஏடுகளிலும் கணபதியின் பெயர் ஒலித்தது. யாருக்காக அவர் உழைத்தாரோ, அந்த மலாயாத் தோட்டங்களில் மட்டும் எவரும் வாய் திறக்கவில்லை. விசாரணையின்றிச் சிறை வைக்கவும் நாடு கடத்தவும் அதிகாரம் தரும் சட்டம் நடப்பில் இருந்தபோது, வாய் திறப்பது எப்படி?

தீர்ப்பே இல்லாத ஒரு வழக்கு

இவ்விடத்தில் இன்னொரு நிகழ்ச்சியையும் சேர்த்து வைக்க வேண்டும். கணபதி கைதாவதற்கு ஏறத்தாழ மூன்று மாதங்களுக்கு முன், 1948 டிசம்பர் 12-ஆம் நாள், அதே சிலாங்கூர் மாநிலத்தில், பத்தாங் காலியை அடுத்த ஒரு ரப்பர் தோட்டத்தில் ஆயுதமில்லாத சீனத் தொழிலாளர்கள் 24 பேரை ஆங்கிலேயப் படைப்பிரிவு ஒன்று சுட்டுக் கொன்றது. அவர்கள் தப்பியோட முயன்றதாக அரசு அறிவித்தது. ஒருவர்கூட நீதிமன்றக் கூண்டில் நிறுத்தப்படவில்லை. கொல்லப்பட்டவர்களின் குடும்பத்தார் பல பத்தாண்டுகள் போராடி, பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் வரை சென்றனர். பொது விசாரணைக்கு உத்தரவிட 2015-இல் அந்நீதிமன்றமும் மறுத்துவிட்டது.

இந்த மூன்றையும் ஒரே கரும்பலகையில் எழுதிப் பாருங்கள். ஒருவரைக் கொன்ற வெள்ளைக்காரப் பெண்மணிக்கு மன்னிப்பு. துப்பாக்கி வைத்திருந்த தமிழருக்குத் தூக்கு. 24 பேரைக் கொன்ற படையினருக்கு வழக்கே இல்லை. இன ஏற்றத்தாழ்வு தீர்ப்பு எழுதும் மேசையில் மட்டும் இருக்கவில்லை. எது குற்றம் என்று சட்டம் எழுதியபோதே அது புகுந்துவிட்டது. யாரைக் கூண்டில் ஏற்றுவது என்பதிலும், தீர்ப்புக்குப் பின் யாருடைய கண்ணீருக்குச் செவி சாய்ப்பது என்பதிலும் அது இருந்தது. நான் சொல்ல விரும்புவது இதுதான்.

தப்பிய இருவர்

அப்படியானால் எல்லாம் முன்பே முடிவானவையா, போராடிப் பயனில்லையா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை என்பதற்கு இரு சான்றுகள் உண்டு.

முதலாவது, நமக்கு அண்டை மாநிலமான ஜொகூரில் கைதான சாம்பசிவம் என்னும் தமிழரின் வழக்கு. துப்பாக்கி வைத்திருந்தது, தோட்டா வைத்திருந்தது என்று அவர்மீது இரண்டு குற்றச்சாட்டுகள். தோட்டா தொடர்பான குற்றச்சாட்டிலிருந்து அவர் விடுவிக்கப்பட்டார். துப்பாக்கி தொடர்பான குற்றச்சாட்டுக்கு மறுவிசாரணை நடந்தது. புதிய அசெசர்களுக்கு முன், இரண்டையும் ஒப்புக்கொண்டதாக அவர் அளித்த வாக்குமூலம் ஒன்று வைக்கப்பட்டது. தோட்டாக் குற்றச்சாட்டில் அவர் ஏற்கெனவே விடுதலையானவர் என்பது அந்த அசெசர்களுக்குச் சொல்லப்படவில்லை. தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது.

வழக்கு லண்டனிலுள்ள பிரிவி கவுன்சிலுக்குச் சென்றது. 1950-இல் மெக்டெர்மட் பிரபு அளித்த தீர்ப்பு அத்தண்டனையை நீக்கியது. ஒரு குற்றச்சாட்டிலிருந்து ஒருவர் முறைப்படி விடுதலையாகிவிட்டால் அந்த விடுதலை முழுமையானது. அரசுத் தரப்பு அதைப் பின்கதவு வழியாக மறுத்துப் பேச முடியாது என்பது அத்தீர்ப்பின் சாரம். இந்திய உச்ச நீதிமன்றம் 1956-இல் ஒரு வழக்கில் இதைப் பின்பற்றியது. இன்றும் காமன்வெல்த் நாடுகளின் சட்டக் கல்லூரிகளில் 'சாம்பசிவம் வழக்கு' என்று படிக்கிறார்கள். மலாயாத் தமிழர் ஒருவரின் பெயர் உலகச் சட்ட நூல்களில் நிற்கிறது என்பது நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இரண்டாவது, லீ மெங் என்னும் சீன இளம்பெண்ணின் வழக்கு. 1952-இல் ஈப்போவில் கைக்குண்டு வைத்திருந்ததாக வழக்கு. அவருக்காக வாதாடியவர் ஈப்போ வழக்கறிஞர் எஸ்.பி. சீனிவாசகம். முதல் விசாரணையில் ஆசியர்களான இரு அசெசர்களும் குற்றமற்றவர் என்றனர். நீதிபதி உடன்படாமல் மறுவிசாரணைக்கு உத்தரவிட்டார். இரண்டாம் விசாரணையில் ஓர் ஐரோப்பியரும் ஓர் ஆசியரும் அசெசர்களாக அமர்ந்தனர். ஐரோப்பியர் குற்றவாளி என்றார், ஆசியர் இல்லை என்றார். நீதிபதி ஐரோப்பியரின் பக்கம் நின்று தூக்குத் தண்டனை விதித்தார். ஆக, நால்வரில் மூவர் குற்றமற்றவர் என்று கூறியும் தண்டனை. இச்செய்தி உலகெங்கும் பரவியது. ஹங்கேரி அரசு, தன் சிறையிலிருந்த ஓர் ஆங்கிலேய வணிகரை விடுவிப்பதற்கு மாற்றாக லீ மெங்கைக் கேட்டது. பிரிட்டன் மறுத்தது. பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர்கள் பலரும் கருணை காட்டும்படி வேண்டினர். 1953 மார்ச் மாதம் பேராக் சுல்தான் அத்தண்டனையை ஆயுள் சிறையாகக் குறைத்தார்.

சாம்பசிவமும் லீ மெங்கும் எதனால் பிழைத்தார்கள்? வழக்கை உற்றுப் படித்து, எங்கே முறை தவறியது என்று எடுத்துக்காட்ட ஆள் இருந்தது. அதை எடுத்துச் செல்ல மேல்மன்றமும் நேரமும் இருந்தன. உலகம் உற்று நோக்கியது. கூச்சல் மட்டும் காப்பாற்றவில்லை. காரணத்தோடு கூடிய குரல் காப்பாற்றியது.

மலாக்காவின் மௌனம்

நம் மலாக்காவுக்கு வருகிறேன். அவசரகாலத்தில் இங்கும் லயங்களைச் சுற்றி முள்வேலி எழுந்தது. அரிசி அளந்து கொடுக்கப்பட்டது. காட்டிலிருப்பவர்களுக்குப் போய்ச் சேரும் என்று, வேலைக்காட்டுக்குச் சோறு கட்டிச் செல்வதற்கும் தடை வந்தது. விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து, சோதனைக்கு நின்று, வெறும் வயிற்றோடு மரம் வெட்டியவர்கள் நம் பாட்டிமார். 1953 செப்டம்பர் 3-ஆம் நாள் நாட்டிலேயே முதன்முதலாக மலாக்காவின் ஒரு பகுதி 'வெள்ளைப் பகுதி' என்று அறிவிக்கப்பட்டு, கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டன. வேலி அகன்றது. வாய்ப்பூட்டு அத்தனை எளிதாக அகலவில்லை.

1967-இல் புக்கிட் ஆசஹான் தோட்டத் தொழிலாளர்கள் தங்கள் குறைகளைச் சொல்லக் கோலாலம்பூரை நோக்கிக் கால்நடையாகவே புறப்பட்டார்கள். விடுதலை பெற்ற நாட்டிலும் தோட்டத்துக் குரல் தலைநகருக்குக் கேட்க வேண்டுமானால் நடந்துதான் போக வேண்டியிருந்தது. அந்த நடைப்பயணத்தைப் பற்றியும் நம் வீடுகளில் பேசுவதில்லை.

இந்த மௌனத்தின் விளைவை நான் வகுப்பறையில் நாள்தோறும் பார்க்கிறேன். அநியாயம் நடந்தால் ஒன்று தலைகுனிந்து போவது, அல்லது கை ஓங்குவது என்ற இரண்டு வழிகளே நம் பிள்ளைகள் பலருக்குத் தெரிந்திருக்கின்றன. நிதானமாக நின்று, "எந்த விதியின்படி? சான்று எங்கே? என் தரப்பைச் சொல்லலாமா?" என்று கேட்கும் மூன்றாம் வழியை நாம் கற்பிக்கவில்லை.

நம்மிடமும் ஒரு குறை உண்டு. ஒரு வழக்கின் தீர்ப்பு வெளியானதும் காப்பிக் கடையிலும் ஆசிரியர் அறையிலும் நாம் முதலில் தேடுவது குற்றஞ்சாட்டப்பட்டவரின் பெயரைத்தான். நம் இனத்தவர் என்றால் 'அநீதி' என்கிறோம். வேற்றினத்தவர் என்றால் 'இன்னும் கடுமையாகத் தண்டித்திருக்க வேண்டும்' என்கிறோம். சான்றுகளைப் பற்றி எவரும் கேட்பதில்லை. 1911-இல் வெள்ளையர் செய்ததும் இதுதான். அவர்களைக் குறை சொல்லும் நாம் அதே தவறைச் செய்தால் கணபதியின் பெயரைச் சொல்ல நமக்கு என்ன தகுதி?

வகுப்பறையில் செய்தது

மறுநாள் சொல்கிறேன் என்ற வாக்கைச் சில நாள் கழித்தே நிறைவேற்றினேன். 'வெள்ளையன் கெட்டவன், கணபதி தியாகி' என்று சொல்லி முடித்துவிடவில்லை. பிரவுட்லாக், கணபதி, சாம்பசிவம் மூவரின் வழக்குகளையும் பெயரும் இனமும் குறிப்பிடாமல் அ, ஆ, இ என்று கரும்பலகையில் எழுதினேன். மாணவர்களைக் குழுக்களாகப் பிரித்து ஐந்து கேள்விகளைக் கொடுத்தேன்.

என்ன செய்ததாகக் குற்றச்சாட்டு? அந்தச் சட்டத்தை எழுதியவர் யார்? சான்று என்ன? தீர்ப்புச் சொல்ல யார் அமர்ந்தார்கள்? தீர்ப்புக்குப் பின் யார் பேசினார்கள், யார் கேட்டார்கள்?

எல்லாக் குழுக்களும் பேசி முடித்த பிறகே பெயர்களையும் இனங்களையும் எழுதினேன். அதுவரை 'அ'-வுக்குக் கடுந்தண்டனை கொடுத்திருந்த பிள்ளைகள், அவர் மன்னிக்கப்பட்டதை அறிந்து வியந்தார்கள். "அப்ப சட்டம் ஒன்னுதானே டீச்சர்?" என்றான் ஒருவன். "சட்டம் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இதைப் படிக்கிறோம்" என்றேன். ஒரு பாடவேளைக்குள் இதை முடித்துவிடலாம். ஆசிரிய நண்பர்கள் முயன்று பார்க்கலாம். ஒரு வழக்கையாவது நம் இனத்தைச் சாராததாகத் தேர்ந்தெடுங்கள் என்பது மட்டும் என் வேண்டுகோள். லீ மெங்கின் வழக்கு அதற்குப் பொருத்தமானது.

பெற்றோர்களுக்கும் ஒரு சொல். சட்டம் மாறாத ஒன்று என்று எண்ண வேண்டாம். துப்பாக்கி வைத்திருந்தாலே தூக்கு என்ற அவசரகால விதி, 1960-இன் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் வேறு வடிவில் தொடர்ந்தது. 1977-இல் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கே அச்சட்டத்தின்கீழ் மரண தண்டனை விதிக்கப்பட்டது. நாடே அதிர்ந்தது. பின்னர் அத்தண்டனை மாற்றப்பட்டது. அச்சட்டம் 2012-இல் நீக்கப்பட்டது. ஜூரி முறை 1995-இல் முடிவுக்கு வந்தது. கட்டாய மரண தண்டனை 2023-இல் ஒழிக்கப்பட்டு, நீதிபதிகள் ஒவ்வொரு வழக்கையும் அதனதன் தன்மைக்கேற்ப எடைபோட வழி பிறந்தது. பல இனத்தவரும், வழக்கறிஞர்களும், பிள்ளையை இழக்கவிருந்த தாய்மாரும் பல ஆண்டுகள் பேசியதால் வந்த மாற்றங்கள் இவை. 'எதற்கு வம்பு' என்று எல்லோரும் இருந்திருந்தால் இவை வந்திரா.

கணபதி குற்றமற்றவர் என்று நிலைநாட்ட நான் இதை எழுதவில்லை. அவர் அரசியலை ஏற்காதவர்கள் இருக்கலாம். ஒரு மனிதனின் உயிரைப் போக்கிய ஒரு தீர்ப்பு, அவன் மக்கள் வாய்விட்டு அழவும் முடியாத நிலையில் நிறைவேற்றப்பட்டது. அதை எழுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகாவது நம் பிள்ளைகளுக்கு முழுப்பெயரோடு சொல்ல வேண்டும்.

அம்மாணவன் வீட்டுக்குப் போய்த் தாத்தாவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்திருக்கிறான். அடுத்த வாரம் பெரியவரே பேரனை அழைத்துச் செல்லப் பள்ளி வாசலுக்கு வந்திருந்தார். "என் பேருக்கு அர்த்தம் சொல்லிட்டீங்க டீச்சர்" என்றார். பிறகு பழக்கத்தால் சுற்றுமுற்றும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் இவ்வாறு ஒளித்து வைத்த பெயர்கள் இருக்கும். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். பிள்ளைகளையும் கேட்கச் சொல்லுங்கள்.